பாட்டா குடிக்காத பாயசம்

என் கையெழுத்து மோசம். நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் பாட்டா, அதாவது அப்பாவின் அப்பா, நாஞ்சில் நாட்டுக்காரர். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில், சிறுவனாக, தன் அப்பாவோடு மாட்டுவண்டியில் வாழையிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் வருவார். கிழக்கேகோட்டையில் பிராமணர்களுக்கு இலவசச் சாப்பாடு போடும் ஊட்டுப்புரைக்கு அந்த இலைகள் போகும்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் தெரு வாசகசாலையின் ஆண்டுவிழா வந்தது. பெரியவர்களின் பழைய நினைவுகளை டேப்பில் பதிந்து ஒலிபெருக்கியில் போடுவதாக ஏற்பாடு. செயலாளர் டேப் ரிக்கார்டரோடு வீட்டுக்கு வந்தார். பாட்டா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக் காத்திருந்தார். அவரிடம் யாரும் எதையும் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

“ஊட்டுப்புரைப் பாயசம் எப்படி இருக்கும் அண்ணாச்சி?”

“குடிச்சாத்தானவே சொல்ல? எங்களை உள்ள விடமாட்டானுவ. நாங்க கொண்டுபோன எலை எச்சிலா வெளிய வரும். அதைப் பாத்துத்தான் பாயசம் என்ன நெறம்னே எனக்குத் தெரியும்.”

செயலாளர் பொத்தானை அமுக்கி நிறுத்தினார். “ஆண்டுவிழால்லா அண்ணாச்சி, நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க.”

“நடந்ததைத்தானவே கேட்டீரு?”

அதற்குமேல் பாட்டா ஒரு சொல்லையும் மாற்றவில்லை. சித்தப்பா செயலாளரைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனார். யார் குரலானாலும் அப்படியே பேசிக்காட்டுவார் சித்தப்பா. பாட்டாவின் இருமலையும் சேர்த்து அவர் பேச, அதுதான் பதிவானது. பக்கத்தில் நின்ற நான் வாயைப் பொத்திச் சிரித்தேன்.

விழாவில் பாட்டா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கி இருமியது. “அந்தப் பாயசம் இன்னும் நாக்குல நிக்கி மக்கா!” ஒரே கைதட்டல்.

பாட்டா எழுந்து கத்தினார். “லே, அது நான் இல்ல! நான் சொன்னதைப் போடுங்கலே!”

“அப்பாவுக்கு ஓர்மை கொறஞ்சு போச்சு” என்றார் சித்தப்பா. கூட்டம் சிரித்தது. செயலாளர் போர்த்திய துண்டைப் பாட்டா உருவித் தரையில் எறிந்தார். அதற்கும் சிரித்தார்கள். சாகும்வரை தெருவில் அவருக்குப் ‘பாயசப் பாட்டா’ என்றே பெயர்.

இதைச் சித்தப்பா இன்றும் கல்யாண வீடுகளில் வேடிக்கையாகச் சொல்லித் திரிகிறார். இன்று காலை படையலில் ஒரு டம்ளர் பாயசம் வைத்து, “அப்பாவுக்கு இதுன்னா உசிரு” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, நம்பியே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனிதனிடம் கேட்டுவிட்டு, அவன் பதிலை அழித்து, அவன் வாயிலேயே வேறு பேச்சை வைப்பது என்ன வேடிக்கை? அந்த டம்ளரைக் கவிழ்க்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

அன்று விழாவிலிருந்து பாட்டா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். எதிரே வந்தவர்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. சின்ன வயதில் பாயசம் கிடைக்காத ஏக்கம்தான் என்று நினைத்தேன்.

“விடுங்க பாட்டா, அம்மாட்டச் சொல்லி நாளைக்கே பாயசம் வைக்கச் சொல்லுதேன்” என்றேன்.

அவர் என் கையை விட்டுவிட்டு வேகமாக முன்னால் நடந்தார். அம்மாவிடம் சொல்லத்தான் அவ்வளவு அவசரம் என்று எண்ணி, நானும் பின்னால் ஓடினேன்.

ஆடி அமாவாசை, மாலை.