கப்பல் போய்ச் சேரும்வரை

மகள் மலேசியாவுக்கு விமானம் ஏறிவிட்டாள். என் மனைவி வீடு கூட்டாமல் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, "புள்ள எறங்கட்டுங்க, அப்புறம் கூட்டிக்கறேன்" என்கிறாள்.

என் அம்மாவும் அப்படித்தான். ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டமாட்டார். பெருந்துறைக்குப் பஸ் ஏறியவர்கள் என்றால் மத்தியானத்துக்குள் கூட்டிவிடலாம். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, கல்யாணமாகி மாமாவோடு பினாங்குக்குக் கப்பல் ஏறினார். அது எப்போது கரை சேரும் என்று சிங்காநல்லூரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மில்லிலிருந்து அப்பாவின் சட்டையில் ஒட்டி வரும் பஞ்சு மூலைகளில் திரண்டது. நடந்தால் காலோடு கூடவே வந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, உங்க கப்பல் பஞ்சுக்குள்ள சிக்கிக்கிச்சுங்களா?" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

ஷிப்ட் முடிந்ததும் அப்பா கப்பலை விசாரிக்கக் கிளம்பிவிடுவார். டீக்கடைப் பேப்பரில் துறைமுகச் செய்தி தேடுவார். மெட்ராசில் சொந்தக்காரர் உள்ளவர்களையெல்லாம் போய்ப் பார்ப்பார். "கடல்ல புயலாமா, ரேடியோல சொன்னாங்க" என்று ஒருவர் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை.

ஒரு நாள் ஷிப்ட் முடியும் முன்பே வீட்டுக்கு வந்தார். கப்பல் கரை சேர்ந்துவிட்டதாக மாமாவின் தந்தி மில்லுக்கு வந்திருந்தது. வாசலில் நின்றபடியே, "ஊட்டக் கூட்டிப்போடு புள்ள" என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்ட ஆரம்பித்தார். அத்தை பாய் விரித்துப் படுக்கும் இடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"இங்க மட்டும் நாளைக்குக் கூட்டிக்கறனுங்க."

அப்பா தலையாட்டிவிட்டு, அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார்.