டேஷ்போர்டில் அணைந்த விளக்கு

பழைய கார்களை வாங்கி விற்கும் அந்த வளாகத்தில் வண்டி கழுவுகிறவர்கள் அவருக்குப் பல்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே அண்ணே, முதுகுக்குப் பின்னால் பல்பு. அவருக்கும் அது தெரியும். கார் மின்சார வேலை செய்கிறவனுக்குப் பல்பு என்று பெயர் வருவதில் என்ன தப்பு என்று அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

முதலில் அவருக்குச் சொந்தமாக ஒரு கடை இருந்தது. கடை என்றால், ஒரு ஷட்டர், ஒரு மேசை, சுவரெல்லாம் தொங்கும் வயர். அந்த வளாகத்தின் முதலாளி தன் வண்டிகளை அவரிடம்தான் அனுப்புவார். பையன் கெட்டிக்காரன், வாய் பேசாதவன் என்று பிடித்துப்போய், தன் தங்கையையே கட்டிக் கொடுத்தார். கல்யாணம் ஆகிக் கொஞ்ச காலத்தில் சாலையை அகலமாக்குகிறோம் என்று கடை இருந்த வரிசையையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். மண்ணுக்குள் ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்த மனிதரைத் தோளில் கை போட்டு அழைத்து வந்தவர் முதலாளிதான்.

"எதுக்கு மாப்பிள்ளை மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? நம்ம இடத்துலயே வேலை பாருங்க. மேல ரெண்டு ரூம் சும்மாதான் கிடக்கு. தங்கச்சியும் என் கண் முன்னாடி இருந்த மாதிரி ஆச்சு."

அப்படித்தான் குடிவந்தார்கள். மாடிக்கு ஏறும் படி ஆபீஸ் அறைக்குள்ளேதான் தொடங்கும். வெளியே போகிற யாரும், உள்ளே வருகிற யாரும், முதலாளியின் மேசையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பால் வாங்கப் போனாலும் "எங்க மாப்பிள்ளை கிளம்பிட்டீங்க?" என்பார். பாசமாகத்தான் கேட்பார். அதுதான் கஷ்டம். மாடி ஜன்னலைத் திறந்தால் வானம் தெரிவதற்கு முன்னால் வரிசை வரிசையாகக் கார்களின் கூரை தெரியும்.

விளக்கை அணைக்கிற வேலை எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. முதலில் ஒரு வண்டியில் என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது. சின்னக் கோளாறுதான். "பார்ட்டி வந்துட்டாங்க, இப்போதைக்கு அணைச்சு விடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் முதலாளி. இவர் ஸ்கேனரைச் செருகி அந்தக் கோளாறுப் பதிவை அழித்துவிட்டார். கொஞ்ச தூரம் ஓடினால் அது மறுபடி எரியும். ஆனால் அந்தக் கொஞ்ச தூரம் வாங்கினவர் வீட்டுக்குப் போய்ச் சேரப் போதும். அப்புறம் என்பது வரவே இல்லை. அடுத்து பிரேக் விளக்கு, அதற்கடுத்து ஏர்பேக் விளக்கு.

ஏர்பேக் விளக்கைக் கழற்றிப் போட முடியாது. சாவியைத் திருப்பியதும் அது ஒரு தடவை எரிந்துதான் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விவரம் தெரிந்தவர்கள் பிடித்துவிடுவார்கள். அதனால் அதன் வயரை ஆயில் விளக்கோடு சேர்த்துவிடுவார். சாவி போட்டதும் இரண்டும் எரியும், என்ஜின் ஓடத் தொடங்கியதும் இரண்டும் அணையும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் ஸ்டியரிங்குக்குள், மோதும்போது உப்பி ஆளைத் தாங்க வேண்டிய ஏர்பேக் பழைய விபத்திலேயே வெடித்துப் போய், வெறும் மூடி மட்டும் ஒட்டியிருக்கும்.

முதல் தடவை அதைச் செய்த அன்று அவர் சாப்பிடவில்லை. போகப் போகச் சாப்பாடு இறங்கியது. வண்டி கழுவுகிறவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்: "எல்லாரும் பல்பு வாங்குவாங்க, நம்ம அண்ணன் ஊருக்கே பல்பு குடுக்குறாரு." ஒருநாள் அது காதில் விழுந்தபோது அவரும் சிரித்தார். வேறு என்ன செய்வது?

மனைவிக்கு இது எதுவும் தெரியாது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். புருஷன் ரிப்பேர் பார்க்கிறார், அண்ணன் விற்கிறார், அவ்வளவுதான் அவளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், முதலாளி எல்லோரையும் கீழே கூப்பிட்டார். வாசலில் வெளிர்நீல வண்டி ஒன்று கழுவித் துடைத்து நின்றது. தங்கையின் கையில் சாவியை வைத்தார்.

"எத்தனை நாளைக்கும்மா பஸ்ல இடிபட்டுக்கிட்டுப் போவே? பாப்பாவையும் ஸ்கூல்ல விட்டுட்டுப் போயிடலாம்ல?"

பாப்பா, அவர்களுடைய ஏழு வயது மகள், கையைத் தட்டிக் குதித்தது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பல்பு மட்டும் அசையாமல் நின்றார். அந்த வண்டியை அவருக்குத் தெரியும். மரத்தில் மோதி, முன்பக்கம் அப்பளமாக நொறுங்கி வந்த வண்டி. வெளியே தட்டிச் சீர்செய்தது வேறு ஆள். விளக்கை அணைத்தது அவரே. ரொம்ப நாள் விலை போகாமல் கடைசி வரிசையில் கிடந்தது.

மனைவியும் பாப்பாவும் கதவைத் திறந்து உட்கார்ந்து பார்க்கிற நேரத்தில் அவர் மெதுவாக, "மச்சான், இது அந்த மரத்துல..." என்று இழுத்தார்.

"தெரியும் மாப்பிள்ளை. என்ஜின் பூ மாதிரி ஓடுது. சீட் பெல்ட் போட்டா போதாதா? சந்தோஷமா இருக்கா, கெடுத்துடாதீங்க." தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மனைவி லைசென்ஸ் எடுத்திருந்தாளே தவிரச் சொந்தமாக வண்டி ஓட்டியதில்லை. "என்னங்க, இங்க வந்து உட்காருங்க. இதெல்லாம் என்னன்னு சொல்லுங்க" என்று பக்கத்து இருக்கையைத் தட்டினாள். சாவியைத் திருப்பினாள். டேஷ்போர்டு முழுக்க விளக்குகள் பூத்தன.

"சிவப்பா இருந்தா உடனே நிறுத்தணும். மஞ்சளா இருந்தா ஓட்டிக்கிட்டுப் போய் சீக்கிரமா காட்டணும். பச்சை, நீலம் பத்திக் கவலையில்ல, அது ஹெட்லைட் மாதிரி ஏதோ ஒண்ணு ஓடுதுன்னு சொல்றது" என்று ஆரம்பித்தார்.

"இந்தக் கூஜா?"

"அது ஆயில். சொட்டு விழுற மாதிரி இருக்கு பாரு. ஓட்டும்போது அது எரிஞ்சா வீடு பக்கத்துலதானே இருக்குன்னு ஓட்டிடாதே. அங்கயே ஓரமா நிறுத்தி அணைச்சிடு. இல்லேன்னா என்ஜின் செத்துடும். இது பேட்டரி. சார்ஜ் ஏறலைன்னு அர்த்தம். தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி ஒரு குச்சி இருக்கே, அது சூடு. வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி, அது பிரேக். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தா எரியும். எடுத்த பிறகும் எரிஞ்சா பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கும். அப்போ ஓட்டவே கூடாது."

"இது குதிரை லாடமா?"

"டயர்ல காத்து கம்மி."

"இந்த ஆளு? மடியில பந்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கானே?"

"அது... ஏர்பேக்."

அவள் என்ஜினை ஓட விட்டாள். பந்து வைத்திருந்த ஆள் மறைந்தான். "அணைஞ்சிடுச்சு. அப்போ நல்லா இருக்குன்னு அர்த்தம், இல்லையா?"

"ம்" என்றார்.

ஒரே ஓர் எழுத்து. அன்றிலிருந்து அந்த 'ம்' அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. காலையில் வெளிர்நீல வண்டி வாசலைத் தாண்டிப் போகும்போது மாடி ஜன்னலில் நிற்பார். அது திரும்பி வருகிற வரை கையில் எடுத்த வேலை ஓடாது. போன் அடித்தால் தூக்கிவாரிப் போடும். ஒரு மழை நாளில் மனைவி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

"குறுக்க ஒரு சைக்கிள்காரன் வந்துட்டான். அப்படியே பிரேக்ல ஏறி நின்னேன். வண்டி வழுக்கிட்டுப் போய் லாரிக்கு ஒரு சாண்ல நின்னுச்சு பாருங்க! ஏர்பேக்லாம் இருக்கேன்னு நினைச்சேன், கொஞ்சம் தைரியமா இருந்துச்சு."

அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் முதலாளி ஏலத்துக்கு வண்டி பார்க்கப் போயிருந்த சமயம். மனைவிக்கு விடுமுறை, வண்டி வாசலில் நின்றது. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்தார். தான் சுற்றிய டேப்பைத் தானே பிரித்து, வயரைப் பழைய இடத்திலேயே சேர்த்தார். என்ஜினை ஓட விட்டார். எல்லா விளக்கும் அணைந்தது. பந்து வைத்திருந்த ஆள் மட்டும் எரிந்துகொண்டே இருந்தான். அப்படியே விட்டுவிட்டு மேலே வந்துவிட்டார். வாயைத் திறந்து சொல்லத் துணிவு வரவில்லை. விளக்கு சொல்லட்டும் என்று விட்டார்.

அடுத்த நாள் காலை கீழே போன மனைவி அரை நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"என்னங்க, அந்தப் பந்துக்காரன் அணைய மாட்டேங்கிறான்."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். மரத்தில் மோதியது, ஏர்பேக் வெடித்தது, வயர், ஆயில் விளக்கு, எல்லாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த ஒரு வண்டிதானா?"

அவர் கட்டில் விரிப்பின் மடிப்பை விரலால் நீவினார்.

"என்னங்க, உங்களைத்தான் கேக்குறேன். எத்தனை வண்டி?"

"எண்ணலை" என்றார்.

அவள் குரலை உயர்த்தாமலேயே கேட்டாள்: "ஒருத்தருக்கு ரத்தத்துல சர்க்கரை ஏறிக் கிடக்கு. பாவம், பயந்துடுவாருன்னு நான் குறைச்சு எழுதிக் குடுத்தா என்னை என்ன சொல்லுவீங்க?"

சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவரும் பின்னாலேயே போனார். முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். தங்கை மேசை மேல் சாவியை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னதும், அவர் தங்கையைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"புது ஏர்பேக் போட்டுத் தரச் சொல்றேன்மா. இந்த வாரமே. இதுக்குப் போயா இப்படி?"

"எனக்குப் போட்டுடுவே. அண்ணா, மத்தவங்களுக்கு?"

"மத்தவங்க எல்லாம் பார்த்துத்தானே வாங்குறாங்க?"

"எதைப் பார்த்து? அணைஞ்ச விளக்கைப் பார்த்து."

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். "வேலைக்கு நேரமாச்சு உனக்கு. கிளம்பு." அவ்வளவுதான் பேசினார். அவள் பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

முதலாளி திட்டியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. அன்று மதியமே வழக்கம்போலக் குரல் வந்தது: "மாப்பிள்ளை, அந்த வெள்ளை வண்டியக் கொஞ்சம் பாருங்க. பார்ட்டி நாலு மணிக்கு வர்றாங்க." எதுவுமே நடக்காத மாதிரி. பல்பு வெள்ளை வண்டிக்குள் போய் உட்கார்ந்தார். கதவை மூடினார். கையில் டேப் இருந்தது. வெளியே கார்கள், சுற்றிலும் கார்கள், அதற்கப்பால் மதில். கடைசியாக எப்போது நிம்மதியாக மூச்சு விட்டோம் என்று யோசித்தார். நாலு மணிக்கு வந்தவர்கள், வயதான கணவனும் மனைவியும், கண்ணாடியைத் தட்டுகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

இறங்கினார். முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்: "ஐயா, இதுல ஏர்பேக் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. உள்ள ஏர்பேக் இல்ல. வேற வண்டி பாருங்க."

முதலாளி முகத்தில் இருந்த சிரிப்பு மாறவே இல்லை. "எங்க மாப்பிள்ளை ரொம்ப நேர்மை" என்று வந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபிறகும் அவர் கத்தவில்லை. "உடம்பு சரியில்ல போலிருக்கு, மேல போய் ரெஸ்ட் எடுங்க" என்றார்.

வீட்டு மாப்பிள்ளையை வெளியே தள்ளினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் தள்ளவில்லை. பின்பக்கக் கொட்டகையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்தார். அந்த வாரமே வேறோர் எலெக்ட்ரீஷியன் வந்தான். மாடி ஜன்னலில் நின்று பார்த்தால், டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து அவனுடைய கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டிகள் முன்னைப் போலவே வாசலைத் தாண்டிப் போயின. தான் ஒருவன் நிறுத்தினால் நின்றுவிடும் என்று நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

போலீஸில் சொல்லலாமா என்று மனைவியிடம் ஒருநாள் கேட்டார். அவள் நெடுநேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொன்னா முதல்ல உங்க கையிலதான் விலங்கு மாட்டுவாங்க. அப்புறம் எங்க அண்ணன் கையில. நான் யாரைப் பார்க்க வர்றது?" என்றாள். அதற்கு மேல் இருவரும் அதைப் பேசவில்லை.

பஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியன் வேலைக்கு ஆள் எடுப்பதாக அவள்தான் விசாரித்து வந்து சொன்னாள். வேலை கிடைத்தது. ஆனால் பாப்பாவின் பள்ளி ஆண்டு முடிகிற வரை அதே மாடியில்தான் இருக்க வேண்டியிருந்தது. தினமும் சாயங்காலம் டிப்போ சட்டையோடு அந்த ஆபீஸ் அறையைத் தாண்ட வேண்டும். முதலாளி தலை நிமிராமலே, "சாப்பிட்டாச்சா மாப்பிள்ளை?" என்பார். "ஆச்சு மச்சான்" என்பார் இவர். அந்த ஏழெட்டு அடி தூரம் அவருக்கு மலை ஏறுகிற மாதிரி இருக்கும்.

வீடு மாறுகிற அன்று முதலாளி தன் வேனையே கொடுத்தார். பாப்பாவைத் தூக்கி உச்சிமுகர்ந்தார். "உங்களை நான் போகச் சொல்லலையேம்மா" என்று தங்கையிடம் சொன்னபோது குரல் உடைந்தது. அவளும் அழுதாள். பல்பு வேனுக்குள் சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது வீடு டிப்போவுக்கு எதிரே, ஒரு சலவைக் கடையின் மேலே. மழை வந்தால் ஒழுகும். ஆனால் படி நேராகத் தெருவில் இறங்கும். முதல் சில நாட்கள் அவர் சும்மாவே இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்.

அங்கேயும் ஒன்று அவரை விடவில்லை. டிப்போ வாசலில் ஒரு சிக்னல். சிவப்பு விழுந்ததும் கார்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் எப்போதாவது தெரிந்த வண்டி ஒன்று இருக்கும். நிறத்தை மாற்றியிருந்தாலும், நம்பரை மறந்திருந்தாலும், கை வைத்த வண்டியை அவருக்கு அடையாளம் தெரியும். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருநாள் முடியாமல் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார். ஓட்டியவர் ஏதோ விற்க வந்தவன் என்று கையை ஆட்டி விரட்டினார். இன்னொருவர், "யாருய்யா நீ? எந்தக் கடைக்கு ஆள் பிடிக்கிறே?" என்று கேட்டார். பச்சை விழுந்ததும் போய்விட்டார்கள்.

ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. ஒரு பெண் மட்டும் வண்டியை ஓரம் கட்டினாள். அவர் குனிந்து, மூச்சிரைக்கச் சொன்னார்: "என்ஜினை அணைச்சிட்டு சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கம்மா. ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஏர்பேக் நல்லா இருந்தா அந்த விளக்கு கொஞ்ச நேரத்துல தானா அணையணும். உங்களுது அணையாது."

அவள் திருப்பினாள். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு அணையவில்லை. ஸ்டார்ட் செய்ததும், ஆயில் விளக்கோடு சேர்ந்து அதுவும் அணைந்தது.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாங்க இந்த வண்டியில அப்படிப் பண்ணினேன்."

அவள் சட்டென்று கண்ணாடியை ஏற்றினாள். அவர் அங்கிருந்து நகரவில்லை. திட்டுவாளோ, போனை எடுத்துப் படம் பிடிப்பாளோ, எதுவானாலும் சரி என்று நின்றார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. கண்ணாடி பாதி இறங்கியது.

"சரி பண்ணணும்னா எங்க போகணும்?" என்று கேட்டாள். அவள் குரலில் மன்னிப்பு ஒன்றும் இல்லை.

அவர் இடம் சொன்னார். வழியையும் இரண்டு தடவை சொன்னார்.