விஞ்ஞான வாரத்துக்கு ஒரு புட்டி தண்ணீர்

சிங்காரப்பேட்டையில் புளி மண்டி வைத்திருக்கிறேன். பஸ் ஏறினால் டிக்கெட் சட்டைப் பையில் இருக்கிறதா என்று இறங்குவதற்குள் பத்துத் தடவை தொட்டுப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவன் போன தை மாதம் பெங்களூரில் ஒரு விஞ்ஞானக் கல்லூரிக்கு நான்கு நாள் போய்வந்தேன் என்றால் ஊரில் சிரிக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு வாரம் அங்கே கதவைத் திறந்து வைத்து, பொதுமக்களுக்குப் பிரசங்கமும் செய்முறையும் காட்டுகிறார்கள். இந்த வருஷம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

எனக்கு விஞ்ஞான ஆசை எல்லாம் கிடையாது. என் கடைசி மகள் ராஜிக்கு ஆறு வயது. இரண்டு வருஷமாக அவள் கால்கள் வளைந்துகொண்டே வந்தன. நடந்தால் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும். பல்லில் பழுப்புத் திட்டுகள். அவளுக்கு மூத்த பையன்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். மீன் எண்ணெய் கொடுத்தோம், கட்டுப் போட்டோம், வேண்டுதல் வைத்தோம், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் கிருஷ்ணகிரி டாக்டர் ஒருவர், "தண்ணீரைச் சோதித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அதை எங்கே சோதிப்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் புளி வாங்க வந்த ஓசூர் கரீம் பாய்தான் இந்த விஞ்ஞான வாரத்தைப் பற்றிச் சொன்னார். வியாழக்கிழமை மட்டும் யார் வேண்டுமானாலும் மண்ணோ தண்ணீரோ கொண்டுபோய்க் கொடுக்கலாம், அங்கேயே பார்த்துச் சொல்வார்கள் என்றார். எனக்கு அன்றிலிருந்தே தூக்கம் போய்விட்டது. வியாழன் என்பதைப் புதன் ஆக்கிவிட்டால்? எதற்கும் திங்கட்கிழமையே போய் நின்றுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு விடியற்காலை என் மனைவி மாதம்மா கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் நிரப்பி, மூடிக்கு மேல் துணி கட்டிக் கொடுத்தாள். ஊத்தங்கரை பத்து மைல். அங்கிருந்து கிருஷ்ணகிரி சுமார் முப்பது மைல், ஓசூர் இன்னொரு முப்பது. வழியெல்லாம் புட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். சூளகிரி தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டபோது என் தலை கூரையில் இடித்தது, கை புட்டியை விடவில்லை. பக்கத்தில் இருந்தவர் தெலுங்கில், உள்ளே என்ன தேனா என்று கேட்டார். தண்ணீர் என்றேன். அதற்குமேல் அவர் என்னோடு பேசவில்லை.

ஓசூரில் கரீம் பாய் வீட்டில் தங்கினேன். பெங்களூரில் அறை எடுப்பதைவிட இது நல்ல யோசனை. ஓசூரிலிருந்து இருபத்தைந்து மைல், ஒன்றரை மணி நேரம். காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் எட்டுக்குப் பெங்களூர். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஐந்து மைல். ஓசூர்க் குளிரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், கம்பளி கட்டாயம் வேண்டும்.

கல்லூரியா அது, காடு மாதிரி மரங்கள். முதல் நாள் வாசலிலேயே கால் கூசியது. வேட்டி கட்டியவனை உள்ளே விடுவார்களா என்று சந்தேகம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கூடத்தில் ரோஜாப்பூவைப் புகைகிற திரவத்தில் முக்கி எடுத்து மேஜையில் தட்டினார்கள், பூ அப்பளமாக நொறுங்கியது. காற்றையே குளிரவைத்துத் தண்ணீர் மாதிரி ஆக்கினால் அப்படியாம். இன்னொரு கட்டிடத்தில் ஆள் நுழையும் அளவு குழாய்க்குள் பொம்மை விமானத்தை வைத்துப் புயல் அடிக்க விட்டார்கள். பிரசங்கங்கள் இங்கிலீஷிலும் கன்னடத்திலும்தான், தமிழ் இல்லை. சந்தைக் கன்னடத்தை வைத்துக்கொண்டு கால்வாசி புரிந்துகொண்டேன். மீதி நேரம் புட்டியின் துணி அவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் வீட்டில் வைத்துவிட்டு வரலாம்தான். அவர் வீட்டில் யாராவது தாகத்துக்குக் குடித்துவிட்டால் என்ன செய்வது?

அதனால் ஒரு வம்பும் வந்தது. திங்கள் மாலை திரும்பும்போது எல்லையில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யத்தில் சாராயக்கடை உண்டு, நம் பக்கம் மதுவிலக்கு. மடியில் புட்டியை அணைத்துக்கொண்டு வேர்த்து உட்கார்ந்திருப்பவனை விடுவார்களா?

"இன்னாய்யா அது?"

"தண்ணிங்க. கெணத்துத் தண்ணி."

"பெங்களூர்ல இருந்து கெணத்துத் தண்ணி கொண்டாறியா?"

"இல்லீங்க, எங்க ஊர்ல இருந்து பெங்களூருக்குக் கொண்டுபோனேன். வியாழக்கிழமைதான் அதுக்கு வேலை. அதான் திருப்பி எடுத்தாறேன்."

சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் துணியை அவிழ்த்து முகர்ந்தார். பிறகு ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது, சோதனைக்குப் பத்தாமல் போனால்? "நல்லா தித்திப்பாத்தான் இருக்குது, போ" என்று கொடுத்துவிட்டார். மீதி எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்த்தேனே தவிர, அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. பழகாதவர் வாயில் வைக்க முடியாது.

வியாழக்கிழமை வந்தது. நீளமான மேஜைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் ஒரு பெண், அங்கே ஆராய்ச்சி செய்கிறவள். கோலார் தங்கவயல்காரி என்பதால் தமிழ் பேசினாள், அதுவே பெரிய நிம்மதி. வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் கொண்டுவந்த தண்ணீர். எல்லாவற்றிலும் ஒரு சிவப்பு மருந்தைச் சொட்டினாள். ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னாள். அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். திரும்பிப் போனபோது மற்ற குழாய்கள் சிவப்பாகவே இருந்தன. என்னுடையது மஞ்சளாகிவிட்டது.

"இதுல புளோரைடுன்னு ஒரு உப்பு இருக்குதுங்க, ரொம்ப அதிகம். ருசியில தெரியாது. சின்னப் பிள்ளைங்க எலும்பைத்தான் பிடிக்கும். வீட்டுல எல்லாரும் இதைத்தான் குடிக்கிறீங்களா?"

"ஆமாம்மா."

"எத்தனை பிள்ளைங்களுக்குக் கால் இப்பிடி?"

"சின்னவளுக்கு மட்டும்தான். பையனுங்க ரெண்டு பேரும் நல்லா ஓடறாங்க."

அவள் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஒரே தண்ணியக் குடிச்சா ஒருத்திக்கு மட்டும் ஏன்? வீட்டுல நல்லா விசாரிங்க."

வளைந்தது நிமிருமா என்று கேட்டேன். தான் டாக்டர் இல்லை என்றும், தண்ணீரை மாற்றினால் மேலும் வளையாமல் நிற்கலாம் என்றும், சிறு வயது என்பதால் நம்பிக்கை வைக்கலாம் என்றும் சொன்னாள். பல் கறை போகாதாம். மேற்கொண்டு அவள் எதற்கும் உறுதி சொல்லவில்லை. அதற்காகவே அவளை நம்பினேன்.

வெள்ளி, சனி நிகழ்ச்சிகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. வெள்ளி காலையே கிளம்பி மாலையில் வீடு சேர்ந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போய்க் கிணற்றுக் கயிற்றை உருவினேன். மாதம்மா ஓடிவந்தாள்.

"இன்னாங்க பண்றீங்க? ராத்திரிக்குத் தண்ணி வேணாமா?"

"இந்தத் தண்ணியாலதான் ராஜிக்குக் கால் போச்சு. பார்த்துச் சொல்லிட்டாங்க."

அவள் புரியாமல் என்னையும் கிணற்றையும் பார்த்தாள். "இந்தத் தண்ணிய யாரு குடுத்தனுப்புனது? பெங்களூர்ல படிச்சவங்க கைக்குப் போற தண்ணி, இந்த உப்பையா ஊத்துவாங்க? தோப்புத் தண்ணிதான் ஊத்துனேன்."

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவருக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர். அதுவும் இருப்பதில் நல்ல தண்ணீர். பாறையை வெடி வைத்துத் தோண்டிய எங்கள் புளியந்தோப்புக் கிணற்றில் தண்ணீர் கல்கண்டு. அரை மைல் என்பதால் தினம் ஒரு குடம்தான் வரும். விருந்தாளிக்கு அதுதான். அந்நியர் கைக்கு உப்புத் தண்ணீரைக் கொடுத்தனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. நானும் அவளிடம் எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் செய்திருப்பார்கள்.

"தோப்புத் தண்ணிய நம்ம வீட்டுல யாரு குடிக்கிறா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தாள். "பொறந்ததுல இருந்து சீக்காளிக் கொழந்தையா இருக்குதேன்னு, உப்பு ஒத்துக்காதுன்னு, ராஜிக்குத்தான குடுத்தேன். பசங்க கேட்டாக்கூட அடிச்சேனே." சத்தமே இல்லாமல் அழுதாள். விருந்தாளிகள் ஒரு வாய் குடித்துவிட்டுப் போனார்கள். ராஜிதான் தினமும் குடித்தாள். உருவிய கயிற்றை மறுபடி கட்டினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். புட்டியை நீங்களே நிரப்புங்கள், சோதிக்கப் போகிற அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு. வீட்டில் எத்தனை தண்ணீர் உண்டோ அத்தனை புட்டி கொண்டுபோங்கள், ஒவ்வொன்றிலும் எந்தக் கிணறு என்று ஒட்டுங்கள். யார் எதைக் குடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் என்று நாக்கை நம்பாதீர்கள். எங்கள் வீட்டு உப்புக் கிணற்றுத் தண்ணீரை நான் இந்தத் தை மாதம் கொண்டுபோகிறேன். அதற்குப் புட்டியையும் ஒட்டுகிற சீட்டையும் இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.

தோப்புக் கிணற்றுக்குக் குடம் போவது அன்றோடு நின்றது. மறுநாள் காலை மாதம்மா உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிச் செம்பில் நீட்டினாள். ராஜி ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்தாள். அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, முழங்கால்கள் இடிக்க என்னிடம் நடந்து வந்தாள்.

"நைனா, என் தண்ணிய ஏன் நிறுத்திட்டீங்க? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

நீ ஒன்றும் செய்யவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. இருந்தாலும், இனிமேல் எந்தத் தப்பும் செய்ய மாட்டாள் என்று எங்களுக்குக் காட்டுகிறவளைப் போல, செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தாள்.