நான் சொன்ன 'சரிங்க'

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, என் மகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை முன்னால் உட்கார்ந்து குறைந்தது பத்து தடவையாவது "சரிங்க" என்று சொன்னேன். நான் செய்த முட்டாள்தனங்களில் அதற்குத்தான் முதலிடம்.

எங்கள் சேலம் பக்கத்தில், அதிலும் மலைமேல், "சரிங்க" என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை. நீங்கள் பேசுவது காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். சண்டைக்குப் போகிறவர்கள்கூட எதிராளி மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சரிங்க போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். தலைமையாசிரியை கன்னியாகுமரிப் பக்கத்துக் கன்னியாஸ்திரி. ஏற்காட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லோருக்கும் அவர் சிஸ்டர். அவர் ஊரில் சரி என்றால் சரிதான்.

நாலாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் என் மகள் கணக்கில் நூற்றுக்கு முப்பத்தொரு மார்க் வாங்கியிருந்தாள். "போன வருஷம் நல்லாப் படிச்ச பிள்ளை, இறங்கிக்கிட்டே போறா" என்றார் சிஸ்டர். சரிங்க. "கிளாஸ்ல ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருக்கா." சரிங்க. "அஞ்சாம் வகுப்புக்கு பி செக்‌ஷன்ல போடலாம்னு இருக்கோம். அங்க மெதுவாச் சொல்லிக் கொடுப்பாங்க." அதற்கும் சரிங்க. முப்பத்தொன்று என்ற எண்ணிலேயே என் மூளை மாட்டிக்கொண்டு நின்றது. வாய் தன் பாட்டுக்கு மரியாதை காட்டிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் எனக்குத் தெரிந்த பிள்ளை வேறு. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் நான் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பனிக்காலத்தில் காகிதம் ஈரம் ஏறி மெஷினுக்குள் சிக்கிக்கொள்ளும், பாதி அச்சானதும் கோணலானதுமாகக் கட்டுக்கட்டாக வீணாகும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பிரதி எடுக்கக் கொண்டுவரும் கணக்கு நோட்டுகளும் பழைய வினாத்தாள்களும்தான் அதில் பாதி. பள்ளி விட்டு வந்ததும் என் மகள் அந்தக் குவியலில் உட்கார்ந்துவிடுவாள். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எந்தக் கணக்கானாலும் தாளின் முதுகுப்பக்கத்தில் போட்டுப் பார்ப்பாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நான் பார்க்காமலே இருந்தேன். கடைக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண்தான் ஒரு தாளைக் கையில் எடுத்து, "ஏனுங்கக்கா, இதெல்லாம் பாப்பாவா போட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு, திரும்பத் திரும்ப என் மகளைப் பார்த்தாள்.

புதன்கிழமை டைரியில் ஒரு வரி வந்தது. ஜூன் முதல் ஐந்தாம் வகுப்பு, பி பிரிவு. தாயார் சம்மதம் தெரிவித்துள்ளார்.

பி பிரிவில் மூன்றாம் வகுப்புக் கூட்டல் கழித்தலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். அங்கே போன பிள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. என் பிள்ளை தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"கண்ணு, பரீட்சையில ஏன் தப்புத் தப்பாப் போட்ட? அம்மா அடிக்க மாட்டேன், சொல்லு."

"வேணும்னுதாம்மா போட்டேன்."

"வேணும்னா?"

"தப்பாப் போட்டா மிஸ் திருப்பிச் செய்யச் சொல்லுவாங்க. சரியாப் போட்டா சும்மா உக்காரோணும். இல்லீனா போர்டு தொடைக்கோணும். சும்மா உக்காந்திருக்கறது நொம்பக் கஷ்டமா இருக்குதும்மா."

கோபம் முதலில் அந்த டீச்சர்மேல் வந்தது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் ஒருவர் என்ன செய்வார் என்ற நியாயமெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தால் கோபம் வராதா என்ன? அப்புறம் என்மேல் வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை வேலை வேண்டும் என்பதற்காகத் தன்னை மக்கு என்று காட்டிக்கொண்டிருக்கிறாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் கணவர் மஞ்சக்குட்டை கிராமத்துக்கு ஜீப் ஓட்டுகிறார். வம்பு என்றாலே ஒதுங்கிப் போகிறவர். "எதுக்கு அம்மிணி, அங்கயும் பாடந்தான நடத்துவாங்க" என்றார். நான் பார்த்த பார்வையில் மறுபேச்சு பேசாமல் மறுநாள் காலை எங்களைப் பள்ளிவாசலில் இறக்கிவிட்டார். உள்ளே மட்டும் வரவில்லை.

சிஸ்டர் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "நீங்கதானே சரின்னு சொன்னீங்க? நான் ஒண்ணும் வற்புறுத்தலையே."

"நீங்க சொன்னதக் கேட்டுக்கிட்டேன்னு சொன்னேனுங்க. சம்மதம்னு சொல்லலீங்க."

"சரின்னா சம்மதம் இல்லாம வேற என்ன?"

மூலையில் ரசீது எழுதிக்கொண்டிருந்த கிளார்க் உள்ளூர்க்காரர். அவர் தலையைத் தூக்கி, "எங்க பக்கம் அப்படித்தானுங்க சிஸ்டர், சரிங்கன்னா ஒண்ணுமில்லீங்க" என்றார். சிஸ்டர் திரும்பிப் பார்த்ததும் தலை மறுபடி ரசீதுக்குள் போய்விட்டது.

அவள் கடையில் கணக்குப் போட்ட தாள்களைப் பையிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினேன். "சம்மதமில்லை" என்று இந்தத் தடவை 'ங்க' போடாமல் சொன்னேன். என் காதுக்கே அது வசவு மாதிரி இருந்தது. சிஸ்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உங்க கடையில விடையோட நோட்டெல்லாம் வருமே" என்றார்.

எனக்குச் சுருக்கென்று குத்தியது. பதிலுக்கு என்ன பேசியிருப்பேனோ, அதற்குள் அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் மகளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஒரு குழாய் தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். இன்னொன்று மூன்று மணி நேரத்தில் நிரப்பும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு மூச்சு வந்தது. இதே மாதிரிக் கணக்கை அவள் கடையில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். என் மகள் பென்சிலை எடுத்தாள், ஆறையும் மூன்றையும் கூட்டினாள், ஒன்பது என்று எழுதி வைத்தாள்.

எந்தப் பிள்ளையும் செய்கிற தப்பு அது. அவ்வளவு பொருத்தமாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அவர் கை பதிவேட்டை மூடப் போனது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டியது. அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

"சாமி, ஏன் இப்படிப் பண்ற? சிஸ்டர்கிட்ட நீயே சொல்லிரு."

அவள் சிஸ்டரைப் பார்த்தாள். பயந்த முகமாக இல்லை, கடையில் வாடிக்கையாளரிடம் விலை பேசுகிற முகம். "சிஸ்டர், இதச் சரியாப் போட்டா இன்னொன்னு தருவீங்களா? இல்ல, போர்டு தொடைக்கச் சொல்லுவீங்களா?"

கிளார்க்கின் பேனா நின்றது. சிஸ்டர் பதிவேட்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாக, "தருவேன்" என்றார்.

என் மகள் ஒன்பதை அழித்துவிட்டு ரெண்டு என்று எழுதினாள். எப்படி என்று கேட்கும் முன்னால், முதல் மணியில் ஒரு குழாய் ஆறில் ஒரு பங்கும் மற்றது மூன்றில் ஒரு பங்கும் நிரப்பும், சேர்த்தால் பாதித் தொட்டி என்று தானாகவே சொன்னாள். தாளைச் சிஸ்டர் பக்கம் தள்ளினாள். கையை எடுக்கவில்லை. அடுத்ததுக்குக் காத்திருந்தாள்.

அவளை நேராக ஆறாம் வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் நான் போயிருந்தேன். அது கிடைக்கவில்லை, விதி இடம் கொடுக்காது என்று சொல்லிவிட்டார். பதிவேட்டில் பி பிரிவு என்றிருந்த வரியை மட்டும் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கணக்கு வேளையில் அவளைத் தினமும் தன் அறைக்கு அனுப்பச் சொன்னார். கன்னியாகுமரியில் பல வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவராம். இதை எல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு, என் மகள் பக்கம் திரும்பினார்.

"ஒரு செஸ் போர்டுல மொத்தம் எத்தனை சதுரம்?"

"அறுபத்து நாலு" என்றாள் உடனே. என் மனதிலும் அறுபத்து நாலுதான் வந்தது.

"இல்லை."

அவள் சிரித்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு நின்றது. எட்டையும் எட்டையும் மறுபடி பெருக்கினாள். கட்டம் போட்டு விரலால் எண்ணினாள். அதே அறுபத்து நாலு. காது மடல் சிவந்தது. கண்ணில் நீர் கட்டியது. வேண்டுமென்று போடாத முதல் தப்பு அது.

பெருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இதற்காகவா இவ்வளவு சண்டை போட்டேன், இந்தப் பிள்ளை உடைந்துபோனால் என்ன செய்வேன் என்று எழுந்து அவள் தோளைத் தொட்டேன். தோளை உதறினாள். வகுப்பு மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

சிஸ்டருக்கும் மனசு கேட்கவில்லை போல. குனிந்து, "சின்னக் கட்டம் மட்டுந்தான் சதுரமா? நாலு கட்டத்தைச் சேர்த்தா..." என்று ஆரம்பித்தார்.

என் மகள் இரண்டு கையாலும் தாளை மூடிக்கொண்டாள்.

"சொல்லிராதீங்க சிஸ்டர்" என்றாள். "நான் இன்னும் பாத்துக்கிட்டு இருக்கறேன்."