சேலைத் தண்ணீரில் பூத்த பூசணி

பூசணிப் பூவைத் தின்னலாம் என்று அத்தை சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினொரு வயதுவரை எனக்குத் தெரிந்து பூ என்பது தலையில் வைக்கவும் சாமிக்குப் போடவும்தான். பூசணிப் பூவுக்கு மார்கழியில் மட்டும் ஒரு மரியாதை உண்டு, கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகி வைப்பார்கள். அதை எடுத்துத் தோசை மாவில் முக்கிக் கல்லில் போடுகிறவர்கள் என் சொந்த அத்தை வீட்டிலேயே இருக்கிறார்கள் என்பதை வெளியே சொல்லலாமா கூடாதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. சாத்தூர்ப் பக்கம் கிணற்றுத் தோட்டம் வைத்திருந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். முழுப் பரீட்சை லீவுக்கு என்னையும் தம்பியையும் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவச டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அத்தை வீட்டுக்கு வந்துவிட்டது, எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆகவே லீவு முழுக்க டிவி முன்னால் கிடப்பது என்று தீர்மானித்துத்தான் போனோம். அத்தை விடவில்லை. விடிந்ததும் விடியாததுமாக எழுப்பித் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீட்டுக் காம்புல நிக்கிறது ஆம்பளைப் பூ. அத மட்டும் பறி. அடியில குட்டிக் காய் ஒட்டியிருக்கு பாரு, அது பொம்பளைப் பூ. அதுல கைய வச்சே, ஒடிச்சிருவேன்" என்றாள். "ஆம்பளைப் பூவையும் மொட்டையடிச்சிராத. நாலஞ்சு நிக்கணும். இல்லன்னா காய் பிடிக்காது."

பூவுக்குள் ஆம்பளை பொம்பளை உண்டு என்பது இரண்டாவது அதிர்ச்சி. மாவில் முக்கிச் சுட்ட பூ அவ்வளவு ருசியாக இருந்தது மூன்றாவது. ஊருக்குக் கிளம்பும்போது அத்தை ஒரு பேப்பரில் விதைகளை மடித்துக் கொடுத்தாள். "போட்டு வளத்து ஒங்கம்மாளுக்குச் செஞ்சு குடு. மதினி சோறு திங்காம ஒட்டிப்போய்க் கெடக்கு."

அது உண்மைதான். அம்மா விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கம் பட்டாசோ தீப்பெட்டியோ, செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பூச்சட்டிக்கு, புஸ்வாணம் என்பார்களே அதற்கு, மருந்து அடைக்கிற வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வரும், சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடும். இறங்கும்போது தலை முதல் கால்வரை அலுமினியப் பவுடர் பூசியிருப்பாள். தம்பி அதை வெள்ளிக் கவசம் என்பான். சீசன் தொடங்கிவிட்டால் அம்மாவுக்குப் பசியே போய்விடும். "சோறு எறங்க மாட்டேங்குது" என்று தட்டைத் தள்ளிவிட்டு ஒரு வாழைப்பழத்தை உரிப்பாள். நெஞ்சில் ஒட்டின மருந்தைப் பழம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று ஆபீஸில் எல்லாப் பெண்களும் சொல்வார்கள். அப்பா லோடு லாரியில் வடக்கே போனால் திரும்பப் பதினைந்து நாள் ஆகும். அம்மாவைச் சாப்பிட வைப்பது என் பொறுப்பு என்று நானாகவே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் மூன்று குழி தோண்டி, ஆட்டுப் புழுக்கையும் சாம்பலும் போட்டு, விதைகளை ஊன்றினேன். ஆறாம் நாள் முளை வந்தது. தண்ணீர்தான் பெரும்பாடு. தெருக் குழாயில் ஐந்து நாளைக்கு ஒரு தடவை வரும், அதிலும் குடத்துக்குக் குடம் சண்டை. அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் ஊரே என்னைத் திட்டும்.

ஆனால் எங்கள் வீட்டில் தினமும் ஒரு வாளித் தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது. ஆபீஸ் சேலையை அம்மா எங்கள் துணிகளோடு சேர்க்கவே மாட்டாள். அதற்கென்று ஒரு சிவப்பு வாளி. வேனை விட்டு இறங்கியதும் நேராகப் பின்பக்கம் போய், தட்டி மறைவில் குளித்து, சேலையை அந்த வாளியில் அலசிப் போட்ட பிறகுதான் எங்களைத் தொடுவாள். அலசிய தண்ணீர் சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும். அதை ரோட்டைத் தாண்டித் தூக்கிக்கொண்டுபோய் ஓடையில், வேலிக்கருவை மூட்டில் ஊற்றிவிட்டு வருவாள். எவ்வளவு அலுத்துக் களைத்து வந்தாலும் வாசலில் கொட்டமாட்டாள். அம்மாவுக்குச் சுத்தம் ஜாஸ்தி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள், "குடும்மா, நான் கொண்டுபோய் ஊத்துறேன்" என்று வாளியை வாங்கினேன். மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். நான் ஓடைக்குப் போகிற பாவனையில் வீட்டைச் சுற்றிப் போய்ப் பூசணி மூட்டில் சாய்த்தேன். கருவைக்கு ஊற்றுவதைப் பூசணிக்கு ஊற்றினால் யாருக்கு என்ன நஷ்டம்? அது மருந்துத் தண்ணீர் என்பதும் தெரியும். அந்த மருந்துதானே தீபாவளிக்குப் பூச்சட்டியிலிருந்து ஆள் உயரத்துக்குப் பூப்பூவாகக் கொட்டுகிறது, செடிக்கு மட்டும் கெடுதல் செய்துவிடுமா என்பது என் விஞ்ஞானம். பட்டாசு ஊர்ப் பிள்ளைக்குத்தான் இப்படிப் புத்தி போகும்.

"செடிக்குத் தண்ணிக்கு என்ன செய்யிற?" என்று அம்மா ஒரு தடவை கேட்டாள்.

"பாத்திரம் கழுவுற தண்ணி" என்று சொல்லிவிட்டேன்.

கொடி பிய்த்துக்கொண்டு படர்ந்தது. ஆடிக் காற்றில் இலைகள் முறம் முறமாக ஆடின. முதலில் வந்ததெல்லாம் ஆம்பளைப் பூ. பத்து நாள் கவலைப்பட்டேன். பிறகு குட்டிக் காயோடு பொம்பளைப் பூக்கள் வந்தன, மூன்று காய் பிடித்தது. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், அத்தை சொன்ன கணக்கில் நாலு பூவை விட்டுவிட்டு, பதினெட்டுப் பூ பறித்தேன். வெயில் ஏறினால் சுருண்டுவிடும் என்று சொம்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன். சாயங்காலம் வேன் வரும் நேரம் பார்த்து, நடுவில் இருக்கும் மஞ்சள் குச்சியைக் கிள்ளியெறிந்து, மாவில் முக்கிச் சுட்டேன். தம்பி கல்லிலிருந்து எடுக்க எடுக்கத் தின்று ஏழு முடித்தான். ருசி பார்க்கிறேன் என்று நான் ஐந்து. அம்மாவுக்கு ஆறு.

அம்மா குளித்து முடித்து வந்து தட்டைப் பார்த்தாள். "என்ன புள்ள இது, வாசம் ஆளத் தூக்குது" என்று உட்கார்ந்தாள். பிறகு, எத்தனையோ வாரமாக நான் கேட்காத ஒன்றைச் சொன்னாள்: "பசிக்கத்தான் செய்யுது." எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் ஒரு பூவைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனாள்.

தம்பிக்கு என்னைப் பாராட்ட அந்த நேரம்தான் கிடைத்தது. "அக்கா தெனமும் ஒன் சேலைத் தண்ணியத்தான்மா ஊத்துவா. அதான் கொடி இம்புட்டு வளந்திருக்கு."

கை அப்படியே நின்றது. அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பூவைத் தட்டில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "எந்தத் தண்ணிய?"

நான் சிவப்பு வாளியைப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது.

"இவன் எத்தன தின்னான்?"

"ஏழு."

"நீ?"

நான் பதில் சொல்வதற்குள் தம்பியைத் தூக்கி, அவன் தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டுவிட்டாள். அவன் கண் பிதுங்கி வாந்தியெடுத்தான். அதைப் பார்த்துக்கொண்டே, "நான் திங்கல" என்றேன்.

பக்கத்து வீட்டு மதினி ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினாள். ஆட்டோ வருகிற அந்தப் பத்து நிமிஷத்தில் அம்மா பின்பக்கம் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. கொடியை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்து வேரோடு பிடுங்கினாள். மூன்று காயையும் அரிவாளால் கொத்திக் குழியில் தள்ளினாள். மதினி பதறிப்போய், "காய் என்ன செஞ்சுச்சு, ஆட்டுக்காவது போடலாம்ல" என்று குனிந்தபோது, "தொடாதீக. ஆட்டப் பிடிச்சுக் கட்டுங்க மொதல்ல" என்றாள். அந்தக் குரல் எனக்கு யாரோ வேறு பெண்ணின் குரலாகக் கேட்டது. மூன்று மாதம் பிள்ளையாக வளர்த்த செடி. ஆனால் அதற்குள் நான் வேறு விஷயத்தில் இருந்தேன். நான் சாகப்போகிறேன்.

ஆட்டோவில் கணக்குப் போட்டேன். ஏழு தின்றவன் முதலில் போவான், ஐந்து தின்ற நான் அவனுக்குச் சற்றுப் பின்னால். அவனுக்காவது வாந்தியில் கொஞ்சம் போயிருக்கும். ரோட்டோரத்துக் காலண்டர் கம்பெனி போர்டுகளை எல்லாம் கடைசியாக ஒரு தடவை வாசித்துக்கொண்டேன். அம்மா தம்பியை மடியில் போட்டு, "கண்ண மூடாதலே, அம்மாவப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் தூக்கம் வந்து கொட்டாவி விட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தம்பியின் வயிற்றை அமுக்கினார், கண்ணில் டார்ச் அடித்தார், நாடி பார்த்தார். நடந்ததை எல்லாம் இரண்டு தடவை கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "பூவுல அவ்வளவா ஏறியிருக்காதும்மா. பையன் நல்லா இருக்கான். ராத்திரி பேதியோ, கை கால் தளர்ச்சியோ இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு உடைத்துக்கொண்டது. "நானும் அஞ்சு தின்னேன்" என்று ஓவென்று அழுதேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு என்னை இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். அழுகை இருமலாக மாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள், நிறுத்த முடியவில்லை.

இதுவரை அம்மாவின் இருமலைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். எங்கள் தெருவில் வேனில் போகிற எல்லா அம்மாக்களும் இருமுவார்கள். அதையெல்லாம் யாரும் ஒரு விஷயமாகச் சொல்வதில்லை.

என் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் கையை எடுத்தார். அம்மாவின் நகக்கண்ணில் குளித்தும் போகாமல் இருந்த பவுடரைப் பார்த்தார். "எத்தனை நாளா இந்த இருமல் இருக்கு?" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்ல சார். பிள்ளைகளப் பாருங்க."

"சாப்பாடு இறங்குதா?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு அவள் பக்கமாக நாற்காலியை நகர்த்தினார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு விவரமாகச் சொல்லியும், நோயாளி யார் என்றுகூடப் புரியாத டாக்டர். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னேன்.

"எங்கம்மா அந்தப் பூவ ஒண்ணுகூடத் திங்கல சார். வாயிலேயே வைக்கல."