அம்மா போணி செய்த மால்

புதுப் பெயிண்ட் நெடியோடு, அப்போதுதான் உடைத்த திருஷ்டிப் பூசணிக்காயின் பச்சை வாசனையும் கற்பூரப் புகையும் ஏசிக் குளிரில் கலந்து மூக்கில் ஏறினால், மாலில் எங்கோ ஒரு கடை முதன்முதலாகத் திறக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், ஐயம்பேட்டைக்குச் சற்று முன்னால், நெல் விளைந்த நிலத்தில் எழுந்த அந்தக் கட்டடத்தை ஊரில் "கண்ணாடி பில்டிங்" என்றுதான் சொல்வார்கள். என் தாத்தா அந்த நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அம்மா அதே இடத்தில், மாடிப்படிக்குக் கீழே கிடைத்த பொந்து போன்ற கடையில், பட்டுப்புடவைகளுக்கு "ஃபால்ஸ்" அடித்துக் குஞ்சம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் பள்ளி விடுமுறைகளெல்லாம் அவளுடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் கழிந்தன.

மால் திறந்த அன்று, மாடியில் பொம்மைக் கடை போட்டிருந்த தென்னேரிக்காரர் குமரேசனிடம் முதல் ஆளாகப் போய் அம்மா எனக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கினாள். தற்செயலாக நடந்தது. சாயங்காலத்துக்குள் அவருடைய அலமாரிகள் பாதி காலியாகிவிட, "இந்தம்மா போணி பண்ணா அவ்ளோதான்பா, கைராசின்னா கைராசி" என்று அவர் தளம் தளமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு எந்தக் கடை திறந்தாலும், தட்டில் வெற்றிலை பாக்கும் பூவும் வைத்துக்கொண்டு அம்மாவை முதல் போணிக்கு அழைக்க வந்துவிடுவார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பது யாருக்கும் தடையாக இருக்கவில்லை. அம்மாவும் இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு போய், வாங்கிய பொருளின்மேல் யாரும் பார்க்காதபடி கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டு, "நல்லா வியாபாரம் ஆவணும்பா" என்று சொல்லிவிட்டு வருவாள். ஒருமுறை அப்படித் திரும்பி வரும்போது என் தோளில் கை வைத்து, "நம்ம ஜனத்த எந்த வாசல்லயும் முதல்ல கூப்டதில்லமா. இப்ப தட்டு வெச்சி கூப்புடறாங்க பாரு" என்றாள். அவள் அவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் பார்த்தது அந்த வருடங்களில்தான்.

இந்தக் கைராசியால் எங்கள் வீடு வேண்டாத சாமான்களால் நிரம்பியது. மீன் இல்லாத மீன் தொட்டி, போனே இல்லாத வீட்டில் போன் கவர், அப்பா ஒரு நாளும் தொடாத "டம்பெல்ஸ்". "நீ போணி பண்ணிப் பண்ணி நம்ம வூடே மாலாயிட்ச்சு" என்று அப்பா கிண்டல் செய்வார், அம்மா சிரித்துக்கொண்டே அவற்றையெல்லாம் துடைத்து வைப்பாள்.

மூன்றாம் மாடிக்கு வருவதாகச் சொன்ன தியேட்டர் வரவேயில்லை. எஸ்கலேட்டர் ஒரு நாள் நின்றது, அப்படியே நின்றுபோனது. செருப்புக் கடை காலியான இடத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வந்தது, அது போய் பிரியாணிக் கடை வந்தது, பிரியாணியும் போய் அழகு நிலையம் வந்தது. ஒவ்வொரு முறையும் பூசணிக்காய் உடைத்தார்கள், ஒவ்வொரு முறையும் அம்மாவை அழைத்தார்கள். குமரேசன்கூட யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் போய்விட்டார். மூடிய துணிக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் உடுப்பில்லாத பொம்மைகள் மட்டும் நின்றன, ஆளே இல்லாத தளங்களில் ஸ்பீக்கர் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. கழிவறைக்குப் போக அந்த வழியாகத்தான் போகவேண்டும் என்பதால் நான் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவேன்.

அப்போதுதான் அம்மா கைபட்ட கடை விளங்காது என்ற பேச்சு கிளம்பியது. அவள் போணி செய்யாத கடையே மாலில் கிடையாது, அதனால் மூடிய கடைகள் அத்தனையும் அவள் கைபட்டவையாக இருந்தன. இந்தச் சின்ன விஷயம் யாருக்கும் புரியவில்லை, புரிந்துகொள்ள விருப்பமும் இல்லை என்பதில்தான் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கீழ்த்தளத்தில், எங்கள் கடைக்கு எதிரே, தாமலிலிருந்து வந்த ஒரு பெண் ஜூஸ் கடை திறந்த நாள் அது. யாரும் தட்டோடு வரவில்லையென்றாலும் அம்மா காலையிலேயே நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பூஜைக்குச் சற்று முன்பு அந்தப் பெண்ணே வந்தாள்.

"அக்கா, தப்பா எட்த்துக்காதீங்க. வூட்ல பெரியவங்கள்லாம் வந்துக்கினு இருக்காங்க. முதல் போணி முடியற வரைக்கும் உங்க ஷட்டர கொஞ்சம் எறக்கி வெச்சிக்கிறீங்களா?"

"அதுக்கின்னாமா, எறக்கிட்டா போச்சு" என்றாள் அம்மா.

எங்கள் இருவரையும் உள்ளே வைத்தே ஷட்டரை இறக்கினாள். பகலிலேயே இருட்டு, மெஷினின் சிறு பல்பு மட்டும் எரிந்தது. வெளியே பூசணிக்காய் தரையில் விழுந்து உடைவதும், யாரோ கைதட்டுவதும், "போணி ஆயிட்ச்சு" என்ற குரலும் கேட்டன. அம்மா குனிந்தபடி மெஷினை வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊசிக்குக் கீழே துணியே இல்லை.

ஜூஸ் கடையும் அடுத்த மழைக்காலம் தாண்டவில்லை. அதை யார் கை கெடுத்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கீழ்த்தளம் ஒரு கூரியர் கிடங்கு. மேலே புறாக்கள். கண்ணாடிகளில் பழைய கடைப் பெயர்களின் பசைத்தடம் மட்டும், வெயில் சாய்ந்து விழும்போது எழுத்தெழுத்தாகத் தெரிகிறது. படிக்குக் கீழே இருந்த எங்கள் கடையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள். அம்மா வீட்டிலேயே புடவைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறாள்.

போன தை மாதம் நான் ஊருக்குள் ஒரு ஜெராக்ஸ் கடை திறந்தேன். அம்மா கையால்தான் முதல் போணி என்று வீம்பாகவே சொல்லியிருந்தேன். வந்தாள், ஆனால் உள்ளே வரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், ஷேர் ஆட்டோக்கள் நிற்குமிடத்தில், வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். நான் போய் அழைத்ததற்கு, "முதல்ல வேற யார்னா வரட்டும்மா" என்றாள். அதற்குள் ஒரு பள்ளிக்கூடப் பெண் கடைக்குள் ஏறிப் பேனா கேட்டாள். அதைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ப்பக்கம் அம்மாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதியை மட்டும் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.