வெள்ளிக்கிழமைகளில் காட்டிய மரம்

அந்த மாம்பழங்களைத் தந்தது என்னோடு வேலை செய்த மூதூர்ப் பெண்மணி ஒருவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மூதூர் முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடுகிற வழக்கப்படி அவரை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில், வந்திறங்கும் சரக்குகளுக்குக் கடதாசி எழுதுகிற வேலை எங்கள் இருவருக்கும். ஒரு ஆனி மாதம் தன் வீட்டு மரத்துப் பழங்கள் நான்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அப்போது என் கணவர் கட்டாரிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வந்து நின்றார். நான்கில் மூன்றை அவரே சாப்பிட்டார்.

சாப்பிட்ட கையோடு ஒரு கொட்டையைக் கழுவி நிழலில் காய வைத்தார். இரண்டு நாள் கழித்து ஓட்டைப் பிளந்து உள்ளிருந்த விதையை எடுத்து, கேற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவில் குழி வெட்டி நட்டார். எங்களுடையது சின்ன வளவு. இந்த இடத்தில் ஏன், மரம் வந்தால் கூரையில் முட்டாதா என்று கேட்டேன்.

"இது காய்க்கேக்க நான் இஞ்ச நிப்பன். பிறகு திரும்பிப் போறேல்லை. கூரையில முட்டினால் நானே வெட்டிவிடுறன்," என்றார்.

அவர் விமானம் ஏறிய நாலாம் நாள் முளை வந்தது. செம்பு நிறத்தில் இரண்டு இலைகள், துவண்டுபோய்த் தொங்கிக்கொண்டிருந்தன. படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்துக்குள் கோல் எடுத்தார். அவர் அவ்வளவு சந்தோசமாகக் கதைத்து நான் கேட்டு நாளாகியிருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதுவே வழக்கமானது. வெள்ளி அவருக்கு லீவு நாள். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடிக்கும். "எங்க, மரத்தைக் காட்டும்," என்பார். போனைத் திருப்பிப் பிடித்துக் காட்டுவேன். எத்தனை இலை, பூச்சி பிடித்திருக்கிறதா, தண்ணீர் ஊற்றினேனா. பிறகு மகளோடு இரண்டு கதை. அதற்குள் அவருடைய அறைக்காரர்கள் சாப்பிடக் கூப்பிடுவார்கள்.

நான் காலை ஐந்து மணிக்கு எழும்புகிற ஆள். சமைத்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, அலுவலகம் போய், வரும் வழியில் மீனோ மரக்கறியோ வாங்கி, அவளைப் படிப்பித்து, உடுப்புத் தோய்த்துப் படுக்கும்போது முதுகு விட்டுப்போயிருக்கும். ஆடி ஆவணியில் கிணறு அடியில் போய்விடும். இருக்கிற தண்ணீரும் உவர்க்கும். அதில் கன்றுக்கென்று ஒரு வாளி எடுத்துக்கொண்டு போகும்போது சில நாட்களில் எனக்குக் கோபம்தான் வரும். கன்றின் மேல் கோபப்பட்டு என்ன செய்வது என்று ஊற்றிவிட்டு வருவேன்.

ஒரு வருசத்தில் கன்று என் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. திருகோணமலை நகரில் மான்கள் தெருவில் திரிவது எல்லோருக்கும் தெரியும். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து குப்பைத் தொட்டிகளைக் கிளறும். கேற் திறந்திருந்தால் வளவுக்குள்ளும் நுழையும். அதனால் கேற்றை எப்போதும் கொளுவிவிட்டுத்தான் போவேன். அன்றைக்கு மகளுக்குப் பரீட்சை, எனக்கு அலுவலகத்தில் ஒரு கப்பல் அலுவல். அவசரத்தில் இழுத்துச் சாத்தினேனே தவிர, கொளுவவில்லை. பின்னேரம் வந்து பார்த்தால் கேற் அகலத் திறந்துகிடந்தது. கன்று இருந்த இடத்தில் ஒரு சாண் குச்சி நின்றது. பட்டையையும் உரித்துத் தின்றிருந்தது. ஈர மண்ணில் குளம்படி.

நான் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எழும்பிச் சமைக்க வேண்டும் என்று தெரிந்தும் எழும்ப முடியவில்லை. அடுத்த நாள் வெள்ளி.

குச்சி திரும்பவும் தளிர்க்கும் என்று காத்திருந்திருக்கலாம். அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு என் மனதில் ஓடியது, சொன்னால் முதலில் என்ன கேட்பார் என்பதுதான். கேற்றைப் பூட்டேல்லையோ என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லுகிற தெம்பு என்னிடம் இல்லை.

குசினிக்குப் பின்னால், கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில், எப்போதோ எறிந்த கொட்டையிலிருந்து ஒரு மாங்கன்று தானாக முளைத்திருந்தது. சந்தையில் வாங்கிய எந்தப் பழத்துக் கொட்டையோ தெரியாது. உயரம் ஏறக்குறைய அதே அளவு. அடுத்த நாள் விடிய அதை மண்கட்டியோடு கிளப்பி, பழைய குழியை வெட்டி நட்டேன். மகள் பல் விளக்கிக்கொண்டு நின்று பார்த்தாள்.

"அம்மா, இது வேற கண்டெல்லோ?"

"ஓம். அப்பாட்டைச் சொல்லாதை. கவலைப்படுவார்."

அவள் தலையாட்டினாள். ஒன்பது வயதுப் பிள்ளையைப் பொய்க்குக் கூட்டுச் சேர்த்தது பற்றி அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் அவர் போனில் உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன, வாடிக்கிடக்குது?" என்றார். வெயில் என்றேன். அவ்வளவுதான். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது கன்றின் பக்கத்தில் நின்று தன் தோளோடு அளந்து பார்த்தார். இலையை முகர்ந்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

வருசங்கள் போயின. நோய்க்காக ஊரை மூடிய காலத்தில் அவரால் வர முடியவில்லை. அதற்குப் பிறகு காஸ் இல்லாத வருசம் வந்தது. விறகில் சமைத்த அந்த மாதங்களில் காய்ந்த கொப்புகளை எல்லாம் முறித்து எரித்தேன். கரண்ட் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் போன் வராது. அந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் யாரும் குறை நினைக்கக் கூடாது. மரம் கூரைக்கு மேல் போய்விட்டது. அவர் சொன்னபடி வெட்டிவிட அவர் இல்லை. ஓட்டில் கொப்பு உரசுகிற சத்தத்தோடு நாங்கள் இருந்தோம்.

நட்டு எட்டாவது வருசம் அவர் ஒரேயடியாக வந்தார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, இனி ஏணி ஏறி வேலை செய்ய ஏலாது என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். இரண்டு பெட்டிகளோடு கேற்றுக்குள் வந்தவர் முதலில் மரத்தடியில்தான் நின்றார். அந்தத் தையில் மரம் பூத்தது. பூவில் பெரும்பகுதி காற்றில் கொட்டிப்போக, பதினொரு காய் பிடித்து, ஐந்து பழம் மிஞ்சியது. அவர் ஒவ்வொன்றுக்கும் பழைய துணி சுற்றிக் காவல் இருந்தார்.

முதல் பழத்தை வெட்டி மூன்று பேரும் சாப்பிட்டோம். நார். புளிப்பு. கொட்டைதான் பெரிது. மகள் ஒரு துண்டோடு கையைக் கழுவிவிட்டாள். அவர் மட்டும் மிச்சம் முழுவதையும் சாப்பிட்டார்.

"கொட்டையில முளைச்ச மரம் தாய் மாதிரி வராதுதானே. அடுத்த வருசம் திருந்தும்," என்றார். பிறகு, "ராத்தாக்கு ரெண்டு பழம் கொண்டுபோய்க் குடுப்பம். அவவின்ர மரத்துப் பிள்ளைதானே," என்றார்.

ராத்தா அதற்கு இரண்டு வருசம் முன்பே வேலையை விட்டு மூதூரில் வீட்டோடு இருந்தார். போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கும்தான் ஆசை. ஞாயிறு போவது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை பின்னேரம் மகள் வகுப்புக்குப் போயிருந்தாள். அவர் குசினிக் கதிரையில் இருந்து பழங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அரிசி களைந்துகொண்டு நின்றேன். இன்னொரு பொய்யைத் தூக்கிக்கொண்டு மூதூர்வரை போக என்னால் முடியாது என்று தோன்றியது. வீரமோ நேர்மையோ ஒன்றும் இல்லை, களைப்புத்தான்.

"அது ராத்தாவின்ர மரமில்லை," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மான் வந்தது, கேற்றைக் கொளுவாமல் போனது, குசினிக்குப் பின்னால் நின்ற கன்று எல்லாம் சொன்னேன்.

"எப்ப நடந்தது?"

"நீங்கள் நட்டுப் போய் ஒரு வருசத்தில."

"பிள்ளைக்குத் தெரியுமோ?"

"ஓம்."

சுற்றிய பேப்பரை அவிழ்த்தார். திரும்பச் சுற்றினார். "ஒரு மான் திண்டதைச் சொல்ல ஏலாத மாதிரி ஒரு மனிசனோ நான்?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நீங்கள் வேறை என்ன கேட்டனீங்கள்?" என்றேன். "எட்டு வருசம் போனை எடுத்த உடனை மரத்தைக் காட்டு, மரத்தைக் காட்டு. அதுவும் இல்லையெண்டால் எங்களோடை கதைக்க உங்களுக்கு என்ன இருந்தது?"

சொன்ன பிறகுதான் அதை நானே முதல்தரம் கேட்டேன். அவர் எழும்பி வெளியே போனார். இராச்சாப்பாட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், போய்ப் படுத்தார். மூதூர்ப் பயணம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் விடிய அவர் சேட்டு மாற்றிப் பையோடு கேற்றடியில் நின்றார். "பஸ் போயிடும்," என்றார்.

ராத்தா என்னைக் கட்டிப்பிடித்து, "எவ்வளவு மெலிஞ்சிட்டீங்க தங்கச்சி," என்றார். அவருடைய வளவில் மாமரம் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஒரு புதுவீட்டின் சுவர் எழும்பியிருந்தது. மகளுக்கு வீடு கட்ட மரத்தைத் தறித்து ஒரு வருசம் என்றார். பக்கத்தில் யாரும் கொட்டை போட்டு முளைக்கவும் இல்லையாம். மான் தின்றிராவிட்டால் அந்த மரத்தின் மிச்சமாக எங்கள் கன்று ஒன்றாவது நின்றிருக்கும். என் கணவரைப் பார்க்க முடியாமல் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்தா பழத்தைக் கையில் எடுத்து உருட்டினார். மூக்கில் வைத்தார். "கொட்டையில வந்ததெண்டாலும் வாசம் கொஞ்சமாச்சும் இருக்கும். இது எங்கட மரத்துப் பழத்துட வாசமே இல்லியே," என்றார்.

"இல்லை ராத்தா," என்றார் என் கணவர். "நீங்கள் தந்ததை ஒரு வருசத்திலேயே மான் திண்டிட்டுது. இது வேறை. இவ வளர்த்தது."

அவ்வளவுதான் சொன்னார். ராத்தா, "அந்த மான்கள் சரியான கரைச்சல்தான்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பழுத்த பழத்தை விடக் காயாக ஆய்ந்தால் கறிக்கு நல்லாயிருக்கும், அடுத்த முறை காயாகக் கொண்டுவாருங்கள் என்றார். பகல் சாப்பாட்டுக்கு மறித்தார். றால் பொரித்திருந்தார். நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சனம் குறைவு. அவர் முழங்காலை நீட்டிக்கொள்ள வசதியாகக் கரை ஆசனத்தில் இருந்தார். கொஞ்சத் தூரம் போனதும், என்னைப் பார்க்காமலே, "வேறை என்ன சொல்லாமல் விட்டனீர்?" என்று கேட்டார்.

மகளுக்கு டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னேன். காய்ச்சல் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். நான் குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து ஒரு மாதம் கை தூக்க முடியாமல் இருந்ததைச் சொன்னேன். அவர் வேலையிடத்து விபத்து ஒன்று செய்தியில் வந்தபோது, போன் வரும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்ததைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றார். கிண்ணியாப் பாலம் வந்தபோது எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கம்பியில் சாய்ந்தேன்.

"கொஞ்சம் நித்திரை கொள்ளும்," என்றார். "மிச்சத்தை வீட்டை போய்ச் சொல்லும்."